மழைக்காலத்துக்கு என்று ஒரு சேமிப்பு



கொச்சி மட்டாஞ்சேரியில் யூதர் தெருப் பக்கம் போனால், மிளகும் சுக்கும் ஏலக்காயும் மணக்கிற கடைகளில் தேன் புட்டிகளும் வைத்திருப்பார்கள். இது எந்தப் பூவின் தேன் என்று கேட்கத் தோன்றும். ஆனால் கேரளத்தில் எடுக்கிற தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வந்ததே அல்ல. ரப்பர் இலை தந்தது.

டிசம்பர், ஜனவரி வாக்கில் ரப்பர் மரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுப் புதுத் தளிர் விடும். மூன்று சிற்றிலைகள் காம்போடு சேருகிற இடத்தில் சின்னஞ்சிறு சுரப்பிகள் உண்டு. தளிர் முற்றிவரும் நாட்களில் அங்கே இனிப்பு நீர் துளிர்க்கும். மார்ச் வரை தேனீக்களுக்கு இதுதான் அறுவடை. குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் 1920களிலேயே ஒய்.எம்.சி.ஏ. கிராமத்து மக்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தது. இன்றும் அந்தப் பக்கத்துக்காரர்கள் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கேரளத்து ரப்பர் தோட்டங்களுக்கு வருகிறார்கள்.

இந்த இனிப்பு நீர், தேனீ பறப்பதற்கான தெம்பைத் தரும். ஆனால் இனிப்பை மட்டும் தின்று புழு வளராது. அதற்குப் புரதம் வேண்டும். புரதம் மகரந்தத்தில்தான் இருக்கிறது. ரப்பர் இலைச் சுரப்பியில் மகரந்தம் ஏது? அங்கேதான் தென்னை கைகொடுக்கிறது. வருஷம் முழுக்கப் பாளை விடுகிற மரம் அல்லவா! பாளையிலிருந்து திரும்பும் தேனீயைப் பாருங்கள், பின்னங்கால் இரண்டிலும் மகரந்தம் உருண்டையாக ஒட்டியிருக்கும். கூட்டில் அதைத் தேனோடு பிசைந்து அறைகளில் அடைத்து வைக்கும். அது புளித்துப் பக்குவமாகும். இளம் தேனீக்கள் அதைத் தின்று, தலையிலுள்ள சுரப்பிகளில் பால் போன்ற ஒன்றைச் சுரந்து புழுக்களுக்கு ஊட்டும். ராணிக்கு ஆயுள் முழுக்க அந்தப் பால்தான் சாப்பாடு.

சரி, இனிப்பு நீரை அப்படியே குடித்துவிடலாமே, தேனாக்குவானேன்? அதில் பெரும்பகுதி தண்ணீர். வைத்திருந்தால் புளித்துக் கெட்டுவிடும். ஆகவே ஒரு தேனீ தன் தேன்பையில் கொண்டுவந்ததை இன்னொன்று வாயில் வாங்கி, தன் உமிழ்நீரைக் கலந்து, அடையறைகளில் பரப்பும். பிறகு பல தேனீக்கள் சேர்ந்து இறக்கையை விசிறி விசிறி அதை வற்றவைக்கும். தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்ததும் மெழுகால் மூடிவிடும்.

குளிர்நாட்டுப் புத்தகங்கள் இந்தச் சேமிப்பு பனிக்காலத்துக்கு என்று சொல்லும். கொச்சியில் பனி ஏது? இங்கே தேனீயை முடக்குவது மழை. ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால், விடாமல் பெய்கிற நாட்களில் தேனீ வெளியே கிளம்ப முடியாது. அப்போது கூடு முழுக்கப் பிழைத்திருப்பது பிப்ரவரியில் சேர்த்ததை வைத்துத்தான். உழைக்கும் பருவத்தில் ஒரு வேலைக்காரத் தேனீயின் ஆயுள் ஆறு வாரம் போல. பிப்ரவரியில் சேர்த்த தேனீ எதுவும் ஜூனில் உயிரோடு இருக்காது. இன்னும் பிறக்காத தங்கைகளுக்காகத்தான் அத்தனை பாடும். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

அதனால்தான் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பெட்டியில் மேல் அறைத் தேனை எடுங்கள், கீழ் அறையைத் தொடாதீர்கள். முட்டையும் புழுவும் இருப்பது அங்கே. குடும்பத்தின் கைச்சேமிப்பும் அங்கேதான். வழித்தெடுத்துவிட்டால் நம் நாட்டு அடுக்குத் தேனீ பட்டினியைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காது, பெட்டியைக் காலிசெய்துகொண்டு ஓடிவிடும். மழை நாட்களில் சிரட்டையில் சர்க்கரைப் பாகு ஊற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். பாகில் நாலு ஈர்க்குச்சிகளைப் போட்டுவையுங்கள். தேனீ அதில் உட்கார்ந்து குடிக்கும், மூழ்கிச் சாகாது. பாகில் புரதம் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். அதற்குப் பக்கத்திலே தென்னை இருப்பது நல்லது. மழை விட்டு வெயில் தெளிந்ததும் ராணி மறுபடி மும்முரமாக முட்டையிடத் தொடங்கும். அதுவரைக்கும் பாகு வைப்பதை நிறுத்தாதீர்கள்.