தனியார் சங்கமும் அரசின் கொள்கையும்

அரசின் கொள்கைகள் யாவும் மந்திரிசபையிலேயே உருவாகின்றன என்று எண்ணுவோர் பலர். வரலாறோ வேறு விதமாகக் கூறுகின்றது.

1787ஆம் ஆண்டு மே மாதம் 22ஆந் திகதி, இலண்டன் மாநகரில் ஓர் அச்சுக்கூடத்திலே பன்னிருவர் கூடி, அடிமை வாணிகத்தை ஒழித்தற்கென ஒரு சங்கம் நிறுவினர். அவர்களுள் ஒன்பதின்மர் குவேக்கர்கள். சத்தியஞ் செய்தலை விலக்கிய தம் சமய நெறி காரணமாகப் பாராளுமன்றத்தில் அமர இயலாதவர்கள். ஆயினும் அவர்கள் சோர்ந்திலர். தோமஸ் கிளார்க்சன் பிரிஸ்டல், லிவர்ப்பூல் துறைமுகங்களிலே மாலுமிகளிடம் சாட்சியந் திரட்டினார். மனிதரைப் பொதிகளென அடுக்கிய புரூக்ஸ் கப்பலின் படம் அச்சாகி எங்கும் பரவியது. 1792இல் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் பாராளுமன்றத்தை அடைந்தன. 1807இல் அவ்வாணிகம் சட்டத்தால் தடுக்கப்பட்டது.

ஆனால், மேற்கிந்தியத் தோட்ட முதலாளிகளும் சங்கம் அமைத்தே எதிர்வாதம் புரிந்தனர். 1833ஆம் ஆண்டின் அடிமை ஒழிப்புச் சட்டம் இரு திறத்தாரின் முத்திரையையும் தாங்கியது. தளை அறுக்கப்பட்டது; எனினும், இரண்டு கோடி பவுண் நட்டஈடு உடைமையாளருக்கே சென்றது. விடுதலை பெற்றோர்க்கு யாதும் கிடைத்திலது. அவர்களுட் பெரும்பாலோர் 1838 வரை, தொழில் பயில்வோர் என்னும் பெயரில், பழைய எசமானர்க்கே ஊதியமின்றி உழைத்தனர்.

ஆதலின் ஒரு சங்கம் அரசை அணுகும்போது, அது யாருடைய துன்பத்தை எடுத்துரைக்கின்றது, அதன் வெற்றிக்கு விலை கொடுப்பவர் யார் என்னும் இரண்டையும் பொதுமக்கள் வினவுதல் வேண்டும்.