ரிவர்ட்டா, டெலிட்டா? ஒரு ஸ்னாப்ஷாட் ராத்திரி

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பட்டது. வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

சர்வர் ரூம்ல ஷிஃப்ட் பாக்குற யாராவது கேட்டுட்டு இருந்தீங்கன்னா, இன்னிக்குக் கதை உங்களோடதுதான்.

போன எபிசோட்ல வெர்ச்சுவலைசேஷன் பத்தி ஒரு தடவை பேசுங்கன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. தியரி மட்டும் சொன்னா தூங்கிடுவீங்க. அதனால நான் பண்ண ஒரு தப்போட ஆரம்பிக்கிறேன். அந்தத் தப்பு புரிஞ்சா பாதி வெர்ச்சுவலைசேஷன் புரிஞ்ச மாதிரி.

லாரி கேட்ல நிக்குது

2019, மார்ச் 29, வெள்ளிக்கிழமை. நிதியாண்டு முடிய ரெண்டு நாள் இருக்கு. சென்னைக்கு வெளியே ஒரு உற்பத்தி கம்பெனியோட சர்வர்களை எங்க டீம் பாத்துக்கிட்டு இருந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு அவங்க அக்கவுண்ட்ஸ் மேடம்கிட்ட இருந்து போன்.

"தம்பி, பில் போட முடியல. ஸ்கிரீன் அப்படியே நிக்குது. ஆறு லாரி லோடு ஏத்தி கேட்ல நிக்குது."

பில் இல்லைன்னா இ-வே பில் இல்லை. இ-வே பில் இல்லாம அந்த லாரி ரோட்ல ஓட முடியாது. டிரைவர்கள் சாப்பிடாம காத்திருக்காங்க. நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம்தான் ஆகியிருந்தது. அன்னிக்கு சர்வர் ரூம்ல நான் மட்டும்தான்.

விசென்டரைத் திறந்தேன். பில்லிங் டேட்டாபேஸ் ஓடுற மெஷின் மேல ஒரு கேள்வி வந்து நிக்குது. சேமிப்பிடம் தீந்துபோச்சு, இடம் பண்ணிக் கொடுத்துட்டு ரீட்ரை அழுத்து, இல்லைன்னா கேன்சல் அழுத்துன்னு. 2 டெராபைட் டேட்டாஸ்டோர்ல காலி இடம் சுத்தமா இல்லை. அதுல இருந்த இன்னும் ரெண்டு மெஷினும் நின்னுபோச்சு.

மேன்ஷனும் மேல்தொட்டியும்

இங்க ஒரு நிமிஷம் நிறுத்துறேன். இந்தத் துறை தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம்.

முன்னாடி எல்லாம் மெயிலுக்கு ஒரு சர்வர், பில்லிங்குக்கு ஒரு சர்வர், ஃபைலுக்கு ஒரு சர்வர்னு தனித்தனிப் பெட்டி வாங்குவாங்க. ஒவ்வொண்ணும் பாதி நேரம் சும்மா இருக்கும். ஆனா கரண்ட்டும் ஏசியும் முழுசா இழுக்கும். ஒரே பெட்டிக்குள்ள பல கணினிகள் இருக்கிற மாதிரி காட்டுற மென்பொருள்தான் ஹைப்பர்வைசர். இது புதுசு இல்லை. ஐபிஎம் தன்னோட மெயின்ஃபிரேம்களுக்கு 1972-லயே இப்படி ஒரு சிஸ்டம் கொடுத்தது. நம்ம சாதாரண எக்ஸ்86 சர்வர்களுக்கு இதைப் பரவலா கொண்டுவந்தது, 1998-ல தொடங்கின விஎம்வேர். அவங்க சர்வர் தயாரிப்பான ஈஎஸ்எக்ஸ் 2001-ல வந்தது.

திருவல்லிக்கேணி மேன்ஷன் தெரியும்ல? ஒரே கட்டடம், நிறைய ரூம். ஒவ்வொரு ரூமுக்கும் தனிப் பூட்டு. உள்ள இருக்கிறவருக்கு அது தன்னோட வீடு. ஆனா மொட்டை மாடியில மேல்தொட்டி ஒண்ணுதான். எவனோ ஒருத்தன் குழாயைத் திறந்து விட்டுட்டு ஊருக்குப் போய்ட்டா, மத்த எல்லா ரூம்லயும் சோப்பு போட்டுட்டு நிக்க வேண்டியதுதான்.

டேட்டாஸ்டோர்தான் அந்தத் தொட்டி. அன்னிக்குக் குழாயைத் திறந்து விட்டுட்டுப் போனது நான்.

"திங்கக்கிழமை எடுத்துடலாம்"

மூணு வாரத்துக்கு முன்னாடி, மார்ச் 8 ராத்திரி, அந்த டேட்டாபேஸ் மெஷினுக்கு ஒரு பேட்ச் போட்டோம். பேட்ச் சொதப்பினா திரும்பி வரணும்ல? அதனால ஸ்னாப்ஷாட் எடுத்தேன். ரெண்டு கிளிக், சில விநாடி. பேட்ச் நல்லாப் போச்சு. ஸ்னாப்ஷாட்டைத் திங்கக்கிழமை எடுத்துடலாம்னு விட்டேன். திங்கக்கிழமை வேற ஏதோ வேலை. அப்புறம் மறந்தே போச்சு.

ஸ்னாப்ஷாட்னா போட்டோன்னு நினைச்சுக்கிறோம். பேரே அப்படித்தானே இருக்கு. ஆனா உள்ள நடக்கிறது வேற. ஸ்னாப்ஷாட் எடுத்த நிமிஷத்துல அந்த மெஷினோட பழைய டிஸ்க் ஃபைல் பூட்டப்படுது. இனிமே அதுல எதையும் எழுத முடியாது, படிக்க மட்டும்தான். அதுக்கப்புறம் எழுதுற எல்லாமே பக்கத்துல ஒரு புது ஃபைல்ல விழும். அதுக்கு டெல்டான்னு பேரு. ஒரு கணக்கு நோட்டை மூடி வச்சுட்டு, மாத்தம் எல்லாத்தையும் தனித் தாள்ல எழுதிட்டு வர்ற மாதிரி. நோட்டையும் தாளையும் சேத்துப் படிச்சாத்தான் இன்னிக்குக் கணக்கு.

அந்தத் தாள் வளர்ந்துக்கிட்டே போகும். பழைய டிஸ்க் எவ்வளவு பெருசோ அந்த அளவு வரைக்கும் வளரலாம். எங்க மெஷின்ல தினமும் ராத்திரி டேட்டாபேஸ் டம்ப் எடுத்து அதே டிஸ்க்ல வைக்கிற வழக்கம் வேற இருந்தது. ஒவ்வொரு ராத்திரியும் டிஸ்க்ல புதுப்புது இடத்துல எழுதும், டெல்டா ஊதும். 21 நாள்ல 300 ஜிபி தாண்டிடுச்சு.

விஎம்வேரோட வழிகாட்டுதல்லயே ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல வச்சிருக்காதீங்கன்னு இருக்கு. நான் அதை அன்னிக்கு ராத்திரிதான் படிச்சேன்.

"மவுஸ்ல இருந்து கையை எடு"

இப்போ ஏழே கால் மணி. ஸ்னாப்ஷாட் மேனேஜரைத் திறந்து பாக்குறேன். ரெண்டு பட்டன் கண்ணுக்குத் தெரியுது. ஒண்ணு ரிவர்ட், இன்னொண்ணு டெலிட்.

என் மனசு என்ன சொல்லுச்சு தெரியுமா? டெலிட்னா அழிச்சுடும், ஆபத்து. ரிவர்ட்னா பழைய நல்ல நிலைமைக்குத் திரும்பும், பாதுகாப்பு. ஸ்னாப்ஷாட் எடுத்தப்போ எல்லாம் நல்லாத்தானே ஓடுச்சு? இடமும் கிடைக்கும். மவுஸை ரிவர்ட் மேல கொண்டுபோய்ட்டேன்.

நல்லவேளை, அதுக்கு முன்னாடி எங்க டீம் லீடுக்கு போன் போட்டேன். நாங்க எல்லாரும் அவரை அண்ணான்னுதான் கூப்பிடுவோம். அவர் எங்கேயோ கல்யாண ரிசப்ஷன்ல இருந்தார், பின்னாடி மெல்லிசைக் கச்சேரி கேக்குது. நான் ரிவர்ட் பண்ணிடட்டுமான்னு கேட்டேன்.

"மவுஸ்ல இருந்து கையை எடு."

எடுத்தேன்.

"மார்ச் 8-க்கு அப்புறம் போட்ட பில் எல்லாம் எதுல இருக்கு?"

"டெல்டாவுல, அண்ணா."

"ரிவர்ட் பண்ணா டெல்டா என்ன ஆகும்?"

எனக்கு வாய் வரல. ரிவர்ட் பண்ணா டெல்டா போயிடும். 21 நாள் பில், சரக்கு வரவு, பேமெண்ட் எல்லாம் ஒரே கிளிக்ல போயிருக்கும், அதுவும் வருஷக் கடைசியில. தினமும் எடுத்த டம்ப்பும் அதே டிஸ்க்லதானே இருக்கு, அதுவும் சேந்து போயிருக்கும். வெளிய இருக்கிற நாஸ் பெட்டிக்கு ஒரு காப்பி போகணும். ஆனா ஜனவரியில யாரோ பாஸ்வேர்டு மாத்தினதுல அது நின்னுபோய் இருந்ததை அன்னிக்குத்தான் கண்டுபிடிச்சோம்.

ஸ்னாப்ஷாட்டை டெலிட் பண்றதுன்னா, தாள்ல இருக்கிற மாத்தத்தை எல்லாம் நோட்டுல ஏத்தி எழுதிட்டுத் தாளைக் கிழிச்சுப் போடுறது. இன்னிக்குக் கணக்கு அப்படியே இருக்கும். ரிவர்ட்னா தாளைப் படிக்காமலே கிழிக்கிறது. பயமா தெரியுற பேருல பாதுகாப்பு இருக்கு, பாதுகாப்பா தெரியுற பேருல ஆபத்து இருக்கு. இந்த எபிசோட்ல ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்கோங்க.

மைக்ரோசாஃப்ட்டோட ஹைப்பர்-வியில இதுக்குப் பேரு செக்பாயின்ட். அங்கேயும் டெலிட் பண்ணா மெயின் டிஸ்க்கோட சேரும். பிராக்ஸ்மாக்ஸ்ல திரும்பிப் போறதுக்குப் பேரு ரோல்பேக். பேரு மாறும், உள்ளே டிஸ்க்ல எழுதுற விதமும் மாறும். ஆனா பின்னாடி போனா நடுவுல நடந்தது போயிடும்ங்கிறது எங்கேயும் மாறாது.

64 ஜிபி எங்கிருந்து வந்தது?

டெலிட் பண்ணலாம்னா, ஒட்டுற வேலை முடியுற வரைக்கும் புதுசா வர்ற எழுத்தை வைக்கவும் இடம் வேணும். பில்லிங் ஓடவும் இடம் வேணும். காலி இடமோ பூஜ்யம்.

அண்ணா கேட்டார்: "அதே டேட்டாஸ்டோர்ல டெஸ்ட் மெஷின் ஏதாவது ஓடுதா?"

நாலு ஓடுச்சு. ஒவ்வொண்ணுக்கும் 16 ஜிபி மெமரி. எல்லாத்தையும் ஷட்டவுன் பண்ணச் சொன்னார். பண்ணேன். டேட்டாஸ்டோர்ல 64 ஜிபி காலி!

மேஜிக் எல்லாம் இல்லை. ஈஎஸ்எக்ஸ்ஐ-ல ஒரு மெஷின் ஆன் ஆகும்போது, அதுக்குக் கொடுத்த மெமரி அளவுக்கு ஒரு ஸ்வாப் ஃபைலை டிஸ்க்ல ஒதுக்கி வைக்கும். மெமரி பற்றாக்குறை வந்தா பயன்படுத்திக்கலாம்னு. மெமரியை ரிசர்வ் பண்ணியிருந்தா அந்த அளவு குறையும். மெஷினை ஆஃப் பண்ணா அந்த ஃபைல் போயிடும். யாரும் கண்டுக்காம இருந்த அந்த இடம்தான் அன்னிக்கு எங்களைக் காப்பாத்துச்சு.

ரீட்ரை அழுத்தினேன். மெஷின் விட்ட இடத்துல இருந்து ஓட ஆரம்பிச்சது. எட்டே காலுக்கு முதல் லாரி கிளம்புச்சு. ஒன்பதரைக்குள்ள ஆறும் போயிடுச்சு.

அதுக்கப்புறம் அவசரப்படல. முதல்ல டேட்டாபேஸை ஒரு முழு பேக்கப் எடுத்து, வேற பெட்டிக்குக் காப்பி பண்ணோம். பதினொன்றரைக்கு டெலிட் அழுத்தினேன். கொஞ்ச நேரத்துல 99 சதவீதம் வந்துடுச்சு. சந்தோஷத்துல டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தா 99. ஒரு மணிக்கு 99. மூணு மணிக்கும் 99. ரீஸ்டார்ட் பண்ணிடலாமான்னு கை பரபரக்குது. பண்ணக் கூடாது. பார் நின்னாலும் உள்ள டிஸ்க் எழுதிக்கிட்டேதான் இருக்கு. அதிகாலை நாலு பத்துக்கு முடிஞ்சது.

காலையில மேடம்கிட்ட உண்மையைச் சொன்னேன். "ஸ்னாப்ஷாட் எடுத்ததும் நான்தான், மறந்ததும் நான்தான்." அவங்க, "சரி தம்பி, அந்த வெளிக் காப்பி இப்போ ஓடுதா?"ன்னு கேட்டாங்க. எங்க டீம்ல மூணு மாசமா யாருமே கேக்காத கேள்வி அது.

பேக்கப்புன்னா வெளியே இருக்கணும்

ஸ்னாப்ஷாட் இருக்கே, பேக்கப் எதுக்குன்னு இன்னிக்கும் கேக்குறவங்க இருக்காங்க. 2023 பிப்ரவரியில ஈஎஸ்எக்ஸ்ஐ-ஆர்க்ஸ்னு ஒரு ரேன்சம்வேர் உலகம் பூரா ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களைத் தாக்குச்சு. அது புகுந்ததா சொல்லப்பட்ட ஓட்டைக்கு 2021 பிப்ரவரியிலயே பேட்ச் வந்தாச்சு. போடாதவங்கதான் மாட்டினாங்க. ஹைப்பர்வைசரே போனா அதுக்குள்ள இருக்கிற மெஷின் ஃபைலும் ஸ்னாப்ஷாட்டும் ஒரே கூடையில இருக்கிற முட்டை. பேக்கப்புங்கிறது வேற பெட்டியில, முடிஞ்சா வேற கட்டடத்துல இருக்கணும். அப்பப்போ அதுல இருந்து ஒரு மெஷினை மீட்டுப் பாக்கவும் செய்யணும். நம்ம நாஸ் கதை தெரியும்ல?

இப்போ இதைப் பேச இன்னொரு காரணமும் இருக்கு. 2023 நவம்பர்ல விஎம்வேரை பிராட்காம் வாங்குச்சு. அடுத்த மாசமே, ஒரு தடவை காசு கட்டி நிரந்தரமா வச்சுக்கிற லைசென்ஸ் விற்பனையை நிறுத்திட்டு சந்தாவுக்கு மாறினாங்க. அதுல இருந்து நிறைய கம்பெனிகள் ஹைப்பர்-வி, நியூட்டானிக்ஸ், பிராக்ஸ்மாக்ஸ்னு வேற வழி பாக்குறாங்க. உங்கள்ல சில பேர் இந்த வருஷம் அந்த மாத்துற வேலையிலதான் இருப்பீங்க. மாத்துறதுக்கு முன்னாடி பழைய ஸ்னாப்ஷாட் எல்லாத்தையும் தேடிக் கழிச்சுடுங்க. ஆர்விடூல்ஸ் மாதிரி ஒரு கருவி ஓட்டினா, எந்த மெஷின்ல எந்தத் தேதி ஸ்னாப்ஷாட் கிடக்குன்னு பட்டியலா வந்துடும். ரெண்டு வருஷப் பழசு எல்லாம் நான் பாத்திருக்கேன்.

எங்க டீம்ல அந்த ராத்திரிக்கு அப்புறம் மூணு பழக்கம் வந்துச்சு. ஸ்னாப்ஷாட் பேருலயே எடுத்தவர் பேரும், அழிக்க வேண்டிய தேதியும் எழுதணும். ஸ்னாப்ஷாட் குறிப்பிட்ட அளவு தாண்டினா மெயில் வர்ற மாதிரி விசென்டர்ல அலாரம் வைக்கணும். ரிவர்ட் அழுத்தறதுக்கு முன்னாடி இன்னொருத்தர்கிட்ட சத்தமா சொல்லணும். மூணாவதைப் பாத்து புதுப் பசங்க சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

உங்க சர்வர் ரூம்லயும் இப்படி ஒரு ராத்திரி இருந்திருக்கும். கம்பெனி பேரு வேண்டாம், கதையை மட்டும் வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. நல்லதை அடுத்த எபிசோட்ல சேர்க்கிறோம். இன்னிக்கு வேலைக்குப் போனதும் ஸ்னாப்ஷாட் பட்டியலை ஒரு தடவை திறந்து பாத்துடுங்க.