நூறு மார்க் பாடம் மட்டும் போதுமா?



டெத் மெட்டல்னா வெறும் இரைச்சல், உறுமல் என்பார்கள். ஸ்வீடன் நாட்டு 'ஓபெத்' குழு அந்த உறுமலுக்கு நடுவே மென்மையான கிதாரையும் இனிய குரலையும் வைத்து, பத்து நிமிடப் பாடல்களாகக் கட்டியது. அவர்களுடைய ஆல்பங்களில் சிறந்தது 'பிளாக்வாட்டர் பார்க்' (2001) என்பது பலர் தீர்ப்பு. என் தீர்ப்பும் அதுதான். ஆனால் அதோடு நிறுத்துவது, நூறு வாங்கிய பாடத்தை மட்டும் பார்த்துப் பையனை எடை போடுகிற மாதிரி.

'மார்னிங்ரைஸ்' (1996) கேளுங்கள். ஒரு பாட்டு மட்டும் 20 நிமிடம். பகுதிக்குப் பகுதி ஒட்டுப் போட்ட தையல் தெரியும். 'ஸ்டில் லைஃப்' (1999) வரும்போது தையல் மறைந்து, ஆல்பம் முழுக்க ஒரே கதையாகிவிடுகிறது. சிகரத்துக்கு அஸ்திவாரம் இதுதான்.

பிறகு? 'டெலிவரன்ஸ்' (2002) கடும் இடி. அதே சமயத்தில் பதிவான 'டாம்னேஷன்' (2003) ஆல்பத்தில் உறுமலே கிடையாது. 'ஹெரிட்டேஜ்' (2011) முதல் உறுமலை அடியோடு விட்டார்கள். ரசிகர்கள் பலர் கோபித்துக்கொண்டார்கள். குழுத் தலைவர் மிக்கேல் ஓகெர்ஃபெல்ட் அசரவில்லை. நான்கு ஆல்பங்கள் அப்படியே போட்டார். 2024-இல்தான் உறுமல் திரும்பியது.

ஜெயித்ததையே திரும்பச் செய்திருந்தால் கைதட்டல் நிச்சயம். அதை விட்டுக் கொடுத்த துணிச்சல், சிகரத்தில் மட்டும் நின்றால் கண்ணில் படாது. புதிதாகக் கேட்பவர்கள் 'டாம்னேஷ'னில் தொடங்குங்கள், காது பழகிவிடும்.