பாட்டன் மனையும் பேரன் வீடும்

(திங்கள் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வீட்டைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல. இல், இல்லம், அகம், மனை, குடி, உறையுள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பகலெல்லாம் உழைத்துக் களைத்தவன் தன் சுமையை விடும் இடம் வீடு. இடப்பொருளை உணர்த்தும் 'இல்' என்னும் ஏழாம் வேற்றுமை உருபே, வீட்டைக் குறிக்கும் 'இல்' என்னும் பெயரினின்று வந்ததென்பது மொழியறிஞர் கருத்து. 'ஊரில்', 'நாட்டில்' என்று சொல்லும்போதெல்லாம் தமிழன் தன்னையறியாமலே ஒரு வீட்டைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அதே ஒலியுடைய மற்றோர் 'இல்'லோ இன்மையைக் குறிப்பது. மொழியில் அடுத்தடுத்து நிற்கும் இவ்விரண்டு சொற்களும் தமிழ்நாட்டுத் தெருக்களிலும் அடுத்தடுத்தே நிற்கின்றன. ஒரு பக்கம் இல்லுடையார், மறுபக்கம் இல்லார்.

தன் கைக்கு வரும் ஊதியத்தைக் கொண்டே ஒருவன் இன்று தமிழ்நாட்டில் வீடு வாங்க முடியுமா? முடியும் என்று வைப்பகங்களின் விளம்பரங்கள் சொல்கின்றன. கணக்கு வேறு வகையாகச் சொல்கிறது.

சென்னையில் ஓர் அலுவலகத்தை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரே நாளில் பணியிற் சேர்ந்த இளைஞர் இருவர். ஒத்த படிப்பு, ஒத்த வேலை, இருவர்க்கும் திங்களுக்கு 60,000 உருபா ஊதியம். இருவரும் 50 இலக்க உருபா விலையுள்ள ஒரு பழைய வீட்டை வாங்க விரும்புகின்றனர். வைப்பகம் அதில் 80 விழுக்காடு, அதாவது 40 இலக்கம் கடன் தரும். எஞ்சிய 10 இலக்கத்தை வாங்குவோனே கொணர வேண்டும். அதன்மேல் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 4½ இலக்கம். இந்தத் தீர்வைக்கு வைப்பகம் கடன் தராது. எனவே கையில் 14½ இலக்கம் இருப்பவனே வீட்டு வாயிலை மிதிக்க முடியும்.

முதல் இளைஞன் சென்னையிலேயே பிறந்தவன். தந்தைக்கு மாம்பலத்தில் வீடு உண்டு. அவனுக்குக் குடிக்கூலி இல்லை. உணவுச் செலவும் பெரும்பாலும் இல்லை. ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு தொகை சேர்கிறது. குறைவதைத் தந்தை போட்டுவிடுகிறார். மற்றவன் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து வந்தவன். அவன் ஊதியத்தில் குடிக்கூலி கால் பங்கு. ஊரிலுள்ள பெற்றோர்க்கு ஒரு பங்கு. தங்கை படிப்புக்கு ஒரு பங்கு. வயிற்றைக் கட்டித் திங்களுக்கு 8,000 உருபா சேர்க்கிறான் என்று வைத்தாலும், 14½ இலக்கம் சேர 15 ஆண்டுகள் ஆகும். அந்தப் 15 ஆண்டும் வீட்டின் விலை இவனுக்காகக் காத்து நிற்குமா?

கடன் கிடைத்த பின்னரும் கதை முடியவில்லை. 40 இலக்கத்தை 9 விழுக்காட்டு வட்டியில் 20 ஆண்டுக்குப் பெற்றால், திங்கள் தவணை ஏறத்தாழ 36,000 உருபா. 240 தவணையும் கட்டி முடிக்கும்போது கொடுத்திருப்பது 86 இலக்கத்துக்கு மேல். வீட்டுக்காகக் கடன்பட்டது 40. வட்டிக்காக உழைத்தது 46! 60,000 ஊதியத்தில் 36,000 போனால், குடிக்கூலி இல்லாதவன் தாங்குவான். ஊருக்குப் பணம் விடுப்பவன் தாங்கான்.

ஊதியம் ஒன்று, உழைப்பு ஒன்று, ஊக்கமும் ஒன்று. வேறுபட்டது ஒன்றே: பிறந்த வீடு. ஆயினும் வீடு வாங்கியவனை 'முன்னேறியவன்' என்றும், வாங்காதவனைச் 'சிக்கனம் தெரியாதவன்' என்றும் உறவினர் பேசுகின்றனர். திருமணப் பேச்சிலும் முதற்கேள்வி 'சொந்த வீடு உண்டா?' என்பதே.

சட்டமேனும் நடுவு நிலையில் நிற்கிறதா? பாருங்கள். உழைத்து வாங்குவோன் 100க்கு 9 உருபா அரசுக்குச் செலுத்துகிறான். அதே வீட்டைத் தந்தை தம் மகனுக்கு உயிரோடிருக்கும்போதே எழுதித் தந்தால், பதிவகத்தில் 'செட்டில்மெண்டு' என்று வழங்கும் குடும்ப ஆவணத்துக்குத் தீர்வை 100க்கு 1. அதற்கும் ஓர் உச்ச எல்லை உண்டு. 2023இல் உயர்த்திய பின்னரும் அவ்வெல்லை 40,000 உருபாவே. பதிவுக் கட்டணத்துக்கு எல்லை 10,000. வீடு 50 இலக்கமாயினும் 5 கோடியாயினும் இதுவே. தந்தை இறந்தபின் மகனுக்கு வந்தாலோ தீர்வையே இல்லை. இறந்தார் உடைமைமேல் நடுவண் அரசு தண்டிவந்த வரி ஒன்று இருந்தது. அதை 1985இல் நீக்கிவிட்டனர். செல்வ வரியையும் 2015இல் நீக்கினர். உழைத்து வாங்கும் முதல் வீட்டுக்கு 4½ இலக்கம். பிறந்ததனாலேயே வரும் மூன்றாம் வீட்டுக்கு அரை இலக்கம்! குடும்பத்துக்குள் உடைமை மாறுவதற்குத் தடை வேண்டா என்பது பொருந்தும்; ஒரே வீட்டை வைத்திருக்கும் ஏழைத் தாயின் பிள்ளைகளும் அதனாற் பயனடைகின்றனர். அவர்களுக்குரிய நிழலில் கோடீசுவரரும் வந்து ஒதுங்குவதே முறைகேடு.

மாம்பலத்து இளைஞனின் பாட்டனுக்கு மனை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 'உழைத்துச் சேர்த்தார்' என்பது விடை. இருக்கலாம். தஞ்சை இளைஞனின் பாட்டனும் உழைத்தாரே! அவர் ஏர் பிடித்தார். நாற்று முடி சுமந்தார். அறுத்துக் களம் சேர்த்தார். ஆனால் அவர் குடிசை நின்ற மண் அவருடையதன்று. அது பண்ணையாருடையது. கூலி கூட்டிக் கேட்டால் 'என் மனையை விட்டு வெளியேறு' என்னும் ஒரு சொல்லே போதும். வயலை இழந்தவன் வேறு வயல் தேடலாம். குடிசையை இழந்தவன் மனைவி மக்களோடு எந்த மரத்தடிக்குப் போவான்? குடிசை மண்ணே பண்ணையார் கையிலிருந்த விலங்கு. கூலிப் போராட்டத்தின் நடுவே 1968 திசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. பெண்களும் பிள்ளைகளுமே அவர்களுட் பெரும்பாலார். அதற்குப் பின்னரே, 1971இல், உழவுத் தொழிலாளர் குடியிருக்கும் மனையை அவர்க்கே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது.

1971! அந்த ஆண்டில்தான் அந்தப் பாட்டனுக்குத் தான் படுத்திருந்த மண் சொந்தமானது. அதற்கும் முன்பே மற்றவன் பாட்டன் நகரில் மனை வாங்கி, வீடு கட்டி, ஒரு பகுதியைக் குடிக்கூலிக்கு விட்டு, அந்தக் கூலியில் மகனைப் படிக்கவைத்துவிட்டார். பேரன்மார் ஓட்டத்தை ஒரே கோட்டிலிருந்து தொடங்கினர் என்று யார் சொல்வது?

இன்னும் பின்னே போனால் இதனினும் கசப்பான செய்தி உண்டு. செங்கற்பட்டு மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்கள் ஒரு முழ மனையுமின்றி வாடுவதை 1891இல் ஆட்சியர் திரெமென்கீர் என்னும் ஆங்கிலேயர் அறிக்கையாக எழுதினார். அதன் விளைவாக 1892இல் ஏறத்தாழ 12 இலக்கம் ஏக்கர் நிலத்தை அம்மக்களுக்கென ஒதுக்க வழி பிறந்தது. பஞ்சமி நிலம் என்பது அதுவே. பிறர்க்கு விற்கலாகாது என்று வரையறையும் வைத்தனர். வரையறை ஏட்டில் இருந்தது, நிலம் கைமாறியது. அதை மீட்கக் கேட்ட போராட்டத்தில் 1994இல் செங்கற்பட்டில் இருவர் காவலர் துமுக்கிச் சூட்டுக்கு உயிரிழந்தனர். நிலம் கையில் நின்றிருந்தால், நான்கு தலைமுறையில் அம்மக்களின் பேரப்பிள்ளைகளும் 'தந்தை குறைவதைப் போட்டார்' என்று சொல்லக் கூடியவராய் இருந்திருப்பர்.

வீட்டின் விலை என்று சொல்கிறோமே, அது செங்கல்லின் விலையன்று. சென்னைக்கும் சிற்றூருக்கும் செங்கல் விலையில் பெரிய வேறுபாடில்லை. கொத்தனார் கூலியிலும் மலையளவு வேறுபாடில்லை. வேறுபடுவது மண்ணின் விலை. அந்த மண்ணை உடையவர் அதில் ஒரு பிடி மண்ணைக்கூட உண்டாக்கவில்லை. அரசு சாலை போட்டது, குடிநீர்க் குழாய் வந்தது, பேருந்து வந்தது, பள்ளி வந்தது, வேலை தேடி இலக்கக் கணக்கான மக்கள் வந்தனர். விலை ஏறிற்று. ஊரே கூடி உயர்த்திய விலையை ஒருவர் எடுத்துக்கொள்கிறார். உயர்த்தியவர்களோ அந்த விலை கொடுக்க இயலாமல் ஊருக்கு வெளியே போகின்றனர்.

பழைய மாமல்லபுரம் சாலையில் இதைக் கண்ணாற் காணலாம். 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பெற்றது. கணினி நிறுவனங்கள் வரிசையாய் வந்தன. இருமருங்கும் மண் பொன்னாயிற்று. அதே 2000ஆம் ஆண்டில் அதே சாலையருகே, ஒக்கியம் துரைப்பாக்கத்தில், நகரின் ஆற்றங்கரைகளிலிருந்தும் வாய்க்கால் ஓரங்களிலிருந்தும் அகற்றப்பட்ட ஏழைகளைக் குடியேற்றும் பணி தொடங்கிற்று. அந்தக் குடியிருப்புக்கு இட்ட பெயர் கண்ணகி நகர்! தன் கணவனை இழந்து, முறை கேட்டு அரசவை வாயிலில் நின்றவளின் பெயரைத்தான் வீடிழந்தவர்களின் சேரிக்கு வைத்தனர். பெயரிட்டவர் எண்ணிச் செய்தாரோ, எண்ணாமற் செய்தாரோ! பின்னர்ச் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் அதே வழியில் எழுந்தன. மயிலையிலும் சேத்துப்பட்டிலும் வீட்டுவேலை செய்து பிழைத்த பெண்கள், வேலை அங்கும் வீடு இங்குமாக, நாளின் பெரும்பொழுதைப் பேருந்தில் கழிக்க நேர்ந்தது.

1970இல் குடிசை மாற்று வாரியம் தோன்றியபோது நோக்கம் இதுவன்று. குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவதே அந்நாளைய முயற்சி. கடற்கரையோரத்தில் நிலம் விலை பேசாத காலம் அது. நிலம் விலை பேசத் தொடங்கியதும் ஏழைகள் தெற்கே தள்ளப்பட்டனர். வாரியத்தின் பெயரையும் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினர். பெயர் நல்ல பெயரே.

பெயர் என்றதும் ஒன்று சொல்லாமல் விடுவதற்கில்லை. இன்று சென்னையில் எழும் அடுக்ககங்களின் பெயர்ப் பலகைகளைப் படித்துப் பாருங்கள்: கார்டன், என்கிளேவ், ரெசிடென்சி, வில்லா! முல்லை, மருதம் என்று ஒரு பெயர் கிடைக்கவில்லையா இவர்களுக்கு? விலைக்குத் தகுந்த பெயர் ஆங்கிலத்தில்தான் உண்டு என்று கருதுகின்றனர் போலும்! குடிக்கூலிக்கு வீடு தேடுவோர் நிலையோ இன்னும் இழிவு. 'மரக்கறி உண்போர்க்கு மட்டும்' என்று சிலர் வெளிப்படையாகவே விளம்பரம் செய்கின்றனர். மரக்கறி என்பது இங்கே உணவின் பெயரன்று, சாதியின் மறுபெயர் என்பது கேட்பவனுக்கும் தெரியும், சொல்பவனுக்கும் தெரியும். எல்லாச் சாதியாரும் ஒரே தெருவில் வாழவேண்டும் என்று 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் அமைந்தது. 100 வீடுகளுள் 40 தாழ்த்தப்பட்டோர்க்கு. நல்ல முயற்சி, ஆயினும் சிற்றூர்களோடு அது நின்றுவிட்டது. நகரத்து அடுக்ககங்களுக்குள் நுழையவில்லை.

இதற்கு மாற்றே இல்லையா என்று கேட்பார்க்குத் தமிழர் நன்கறிந்த ஊரொன்று விடை தரும். சிங்கப்பூரில் 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. 1966இல் நிலம் எடுப்புச் சட்டம் வந்தது. சாலை வந்ததால் ஏறிய விலையை நில உடையார்க்குக் கொடுக்க அந்த அரசு மறுத்தது; 1973ஆம் ஆண்டின் விலையே நெடுநாள் இழப்பீட்டுக்கு அளவாய் நின்றது. 1985க்குள் நாட்டு நிலத்தில் முக்காற்பங்கு அரசினுடையதாயிற்று. அங்கே வாழும் மக்களுள் ஏறத்தாழப் பதின்மரில் எண்மர் இன்று கழகத்து வீடுகளில் இருக்கின்றனர்; அவர்களுள் தமிழரும் உளர். உரிமை 99 ஆண்டுக்கே என்பதும், மனை பறிபோன சிறிய உடைமையாளர் அங்கே வருந்தினர் என்பதும் உண்மையே. இன்னோர் உண்மையும் உண்டு. அந்த வீடுகளைக் கட்டும் கைகளுள் புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சைப் பக்கத்துத் தமிழர் கைகள் பல. வேலை இசைவுச் சீட்டில் போனவர்க்கு அங்கே வீடு வாங்கும் உரிமை இல்லை. ஓர் அறையில் பலராய் விடுதிகளில் அடைந்து கிடக்கின்றனர். 2020இல் கொள்ளை நோய் பரவியபோதுதான் அவ்விடுதிகளை உலகம் எட்டிப் பார்த்தது. பத்தாண்டு சிமிட்டி சுமந்து, ஊரில் ஒரு வீடு கட்டலாமென்று அவர்கள் திரும்பி வருகின்றனர். வந்து பார்த்தால் ஊர் மனையின் விலை அவர்கள் விடுத்த பணத்துக்கு முன்னே ஓடிவிட்டிருக்கிறது.

ஆகவே தமிழ்நாட்டரசை நோக்கி வைக்க வேண்டிய கோரிக்கை நீண்டதன்று. வீடே இல்லாதவர் வாங்கும் முதல் வீட்டுக்கு, பெற்ற மகனுக்குள்ள 1 விழுக்காட்டுத் தீர்வையே போதும். ஏற்கெனவே வீடுடையவர்க்குக் குடும்ப வழியில் வரும் இரண்டாம், மூன்றாம் வீடுகளுக்கு 40,000 என்னும் எல்லை எடுபட வேண்டும். அதனால் வரும் பணம், நகருக்குள்ளேயே ஏழைக்கு வீடு கட்டச் செல்ல வேண்டும். அரசுக்கு இத்தகைய சலுகை புதிதன்று. பெண்கள் பெயரில் பதிவு செய்தால் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைப்பு என்று 2025 ஏப்பிரலில் நடைமுறைப்படுத்தியிருக்கிறார்கள். அதற்கு வைத்த எல்லை 10 இலக்கம். 10 இலக்கத்துக்குச் சென்னையின் எந்தத் தெருவில் வீடு விற்கிறார்கள் என்பதைப் பதிவுத்துறையார் ஒரு பலகையில் எழுதி அலுவலக வாயிலில் வைக்கட்டும். வரிசையில் நிற்கப் பெண்கள் அணியமாய் இருக்கின்றனர்.