பாடகருக்கு ஏற்ற ஒலிவாங்கி



மன்றத்துக்கு ஒலிவாங்கி வாங்குவதெனத் தீர்மானித்து, அங்கத்தவர் பணமும் சேர்த்தாயிற்று. எதை வாங்குவது என்பதே இன்று எம்முன் உள்ள விடயம். விலை கூடியதே மேலானதென்று கடைக்காரர் சொல்லுவார். ஆனால் விலை வேறு, பொருத்தம் வேறு.

கண்டென்சர் வகை மிக நுட்பமானது. பாடுவோர் மூச்சையும் விடாது. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அது சிறந்தது. பெரும்பாலும் 48 வோல்ற் மின்சாரமும் அதற்கு ஊட்ட வேண்டும். டைனமிக் வகையிலோ, மெல்லிய சவ்வோடு ஒட்டிய கம்பிச் சுருள் காந்தத்திடையே அசைய, அவ்வசைவினாலேயே மின்னோட்டம் பிறக்கின்றது. உரத்த குரலையும் முரட்டுக் கைகளையும் அது தாங்கும். 1966 இல் வந்த ஷூர் எஸ்.எம்.58 இன்றும் மேடைகளில் நிற்பது இதனாலேயே.

இனி முக்கியமான விடயம். முன்பொரு பண்ணிசைப் போட்டியிலே ஒரு சிறுமி பாட வந்தாள். குரல் கேட்கவில்லை, வாடகைக்கு வந்தவர் ஒலியைக் கூட்டினார், ஒலிபெருக்கி ஊளையிட்டது. பிள்ளை அழுதுகொண்டு இறங்கிவிட்டாள். ஒலிபெருக்கியின் சத்தம் திரும்ப ஒலிவாங்கிக்குள் புகுந்து சுழல்வதே இவ்வூளை. ஆகவே ஒலிவாங்கி எத்திசையைக் கேட்கிறது, எத்திசைக்குச் செவிடு என்பதை அறிந்தே வாங்கவேண்டும்.

கார்டியோயிட் என்னும் இதய வடிவ வகை நேர் பின்புறத்துக்குச் செவிடு. பாடகர் தம் குரலைக் கேட்க வைக்கும் பெட்டியை அதன் பின்னே, அவருக்கு நேரெதிரே வைக்கலாம். சூப்பர்கார்டியோயிட் இன்னும் ஒடுக்கமானது. பக்கத்து மிருதங்கத்தை நன்கு விலக்கும். ஆனால் நேர் பின்புறத்தைச் சற்றுக் கேட்கும். அதற்குப் பெட்டியைப் பின்பக்கம் ஓரமாகச் சரித்து வைக்கவேண்டும். தலையை ஆட்டிப் பாடும் பிள்ளைகளுக்கு அது உதவாது. விலகியதும் குரல் மங்கும். எமது மேடைக்குக் கார்டியோயிட்டே போதும் என்பது எம் துணிபு.

எதை வாங்கினாலும், தலைப்பாகத்து வலையைக் கையால் பொத்திப் பிடிக்கக்கூடாது. சினிமாப் பாட்டுக்காரரைப் பார்த்து எம் இளைஞர் சிலர் இதைப் பழகியிருக்கிறார்கள்! பொத்தினால் திசையறியும் தன்மை கெட்டு ஊளை கூடும். வாய்க்கு மிக நெருக்கினால் கீழ்ச்சுருதி பருத்துச் சொற்கள் தெளிவிழக்கும்.

போலிகள் மலிந்துள்ளன, ஆதலால் அங்கீகாரம் பெற்ற முகவரிடமே வாங்கவேண்டும். போகும்போது எமது பாடகர் இருவரையேனும் அழைத்துச் சென்று, மன்றத்து ஒலிபெருக்கியிலேயே இணைத்துப் பாடவைத்துக் கேட்போம். ஆளி உள்ளது வேண்டாம். பாட்டின் நடுவே பிள்ளைகள் விரல்பட்டு அணைத்துவிடுவர். விலையுயர்ந்த ஒன்றுக்குப் பதில் நடுத்தரமான இரண்டு வாங்கி, மிச்சத்தில் உறுதியான தாங்கியும் நல்ல கம்பிவடமும் எடுக்கும்படி பொருளாளரைக் கேட்டுக்கொள்கிறோம்.