மருத்துவமனைக் கட்டிலின் அருகே: பெற்றோரின் இதயம் தளரும்போது பிள்ளைகளின் கடமை

(ஹெலன்ஸ்பர்க் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கான நலவாழ்வு உரையின் எழுத்து வடிவம்)



வொல்லொங்காங் மாநகர சபையின் வட எல்லையில் அமைந்த ஹெலன்ஸ்பர்க், நிலக்கரிச் சுரங்கத்தால் உருவான ஊர். தமிழருக்கோ அது 1985ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ வேங்கடேசுவரர் ஆலயத்தின் ஊர். சிட்னியிலிருந்தும் வொல்லொங்காங்கிலிருந்தும் பெற்றோரை அழைத்துக்கொண்டு பிள்ளைகள் இங்கு வருவது வழக்கம். ஆலயப் படியேறும் தந்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிடும் ஒரு கணம் எந்தக் குடும்பத்துக்கும் நேரலாம். அந்தக் கணத்திலும், அதற்குப் பின்வரும் நாட்களிலும் பிள்ளைகள் செய்யத்தக்கவை எவை என்பதே இவ்வுரையின் பொருள்.

இவ்வூருக்கு அண்மையில் உள்ள வாட்டர்ஃபாலில் 1909ஆம் ஆண்டு காசநோயாளருக்கான அரசு சுகநிலையம் ஒன்று திறக்கப்பட்டது. நோய் பிறருக்குத் தொற்றாதிருக்க, நோயாளர் ஊரை விட்டு விலக்கிக் காட்டின் நடுவே வைக்கப்பட்ட காலம் அது. அங்கேயே உயிர் நீத்து, அருகிலுள்ள இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டோர் பலர். இதய நோயின் இயல்பு வேறு. அது தொற்றுவதில்லை, அதற்குத் தனிமை மருந்தாவதும் இல்லை. இன்றைய மருத்துவமனை குடும்பத்தாரை வெளியே நிறுத்துவதில்லை, சிகிச்சையில் பங்குகொள்ளுமாறு அழைக்கிறது. ஆயினும் அந்தப் பங்கு எது என்று தெரியாமையால், அன்பு மிகுந்த பிள்ளைகளே சில வேளைகளில் பெற்றோருக்கு இடையூறாகிவிடுவதும் உண்டு.

முதல் பத்து நிமிடங்கள்

நெஞ்சில் அழுத்தம் அல்லது இறுக்கம், கை, தோள், கழுத்து, தாடை, முதுகு ஆகியவற்றில் பரவும் வலி, மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, குமட்டல், தலைசுற்றல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். பெண்களுக்கும் முதியோருக்கும் நீரிழிவு உள்ளோருக்கும் நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வருவதுண்டு. “வாயுக் கோளாறுதான், சுக்குக் கஷாயம் குடித்தால் சரியாகிவிடும்” என்று தாய் சொன்னாலும் பிள்ளைகள் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாது. வேலையை நிறுத்தி ஓய்வாக அமரச் செய்ய வேண்டும். அறிகுறி கடுமையாக இருந்தாலோ, கூடிக்கொண்டே போனாலோ, பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ 000 என்ற எண்ணை அழைக்க வேண்டும். ஆங்கிலம் தெரியாதோர் முதலில் “ஆம்புலன்ஸ்” என்றும், அடுத்து “தமிழ்” என்றும் சொன்னால் உரைபெயர்ப்பாளர் இணைக்கப்படுவார்.

சொந்தக் காரிலேயே ஏற்றிச் சென்றால் விரைவாகப் போய்ச் சேரலாம் என்று எண்ணுவது தவறு. ஆம்புலன்ஸ் ஊழியர் வந்த இடத்திலேயே இதய மின்வரைபடம் எடுப்பர். வழியில் இதயம் நின்றுபோனால் அதை மீட்கும் கருவியும் அவர்களிடம் உண்டு. தெற்கே வொல்லொங்காங் மருத்துவமனை, வடக்கே சதர்லாந்து மருத்துவமனை என இவ்வூருக்கு இரு திசைகள் இருக்கின்றன. எங்கே கொண்டுசெல்வது என்பதை நோயின் தன்மையைக் கண்டு அவர்களே முடிவு செய்வர்.

மொழி: பிள்ளை பிள்ளையாகவே இருக்கட்டும்

மருத்துவமனையில் சேர்ந்ததும் குடும்பத்துக்கு வரும் முதற்சோதனை மொழியே. தந்தைக்கு ஆங்கிலம் போதாது. மகளுக்கு நன்கு தெரியும். எனவே மருத்துவர் பேசுவதை மகளே தமிழில் சொல்கிறாள். இது இயல்பாகத் தோன்றினாலும் இதில் பெரிய இடர் ஒன்று உண்டு. “இதயத் தசையில் ஒரு பகுதி செயலிழந்துவிட்டது” என்று மருத்துவர் சொல்கிறார். மகள் தந்தையின் முகத்தைப் பார்க்கிறாள். “பயப்பட ஒன்றுமில்லையாம் அப்பா” என்கிறாள். அச்சொல் அன்பினால் வந்தது. ஆனால் வீடு திரும்பிய தந்தை, தமக்கு ஒன்றுமில்லை என்று நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால், அந்த அன்பே அவருக்குத் தீங்காக முடியும். இது ஒருபுறம். மறுபுறம், தமக்கு உண்டான வலியையும் மலச்சிக்கலையும் அச்சத்தையும் மகளின் வாய்வழியாகச் சொல்ல நாணும் தந்தை அவற்றைச் சொல்லாமலே விட்டுவிடுவார்.

நியூ சவுத் வேல்ஸ் அரசு மருத்துவமனைகளில் தகுதி பெற்ற உரைபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிப் பெறலாம். அது சலுகை அன்று, உரிமை. சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்கும்போதும், நோயின் முடிவுகளைச் சொல்லும்போதும், வீட்டுக்கு அனுப்பும்போதும் தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் எனத் தாதியரிடம் கேட்க வேண்டும். நேரில் வர இயலாவிடில் தொலைபேசி வழியாகவும் ஏற்பாடு செய்வர். வெளியில் பிற சேவைகளுடன் பேசுவதற்கு 131 450 என்ற எண்ணில் தேசிய உரைபெயர்ப்புச் சேவை இயங்குகிறது. சொல்லைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை உரைபெயர்ப்பாளர் ஏற்றுக்கொண்டால், தந்தையின் கையைப் பற்றிக்கொண்டு அமரும் உரிமை மகளுக்கு மீண்டும் கிடைக்கிறது.

யார் முடிவு செய்வது?

நினைவு தெளிவாக உள்ள நோயாளியின் சிகிச்சையை அவரே முடிவு செய்கிறார். மூத்த மகன் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்ற விதி சட்டத்தில் இல்லை. நோயாளி முடிவெடுக்க இயலாத நிலையில் இருந்தால், நியூ சவுத் வேல்ஸின் 1987ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டம் ஒரு வரிசையை வகுத்துள்ளது. முதலில், நியமிக்கப்பட்ட பாதுகாவலர். அவர் இல்லையேல், நெருங்கிய உறவு நீடிக்கும் கணவர் அல்லது மனைவி. அவரும் இல்லையேல், ஊதியமின்றிப் பராமரித்து வருபவர். அதன்பின், நெருங்கிய நண்பர் அல்லது உறவினர். ஆகவே தந்தை மயங்கிக் கிடக்கையில், பெரும்பாலும் சட்டம் முதலில் தேடுவது தாயையே. ஆங்கிலம் தெரியாதவர் என்பதற்காக அவரை ஒதுக்கிவிட்டுப் பிள்ளைகள் பேசுவது முறையன்று. உயிரைக் காக்கும் அவசர சிகிச்சைக்காக மருத்துவர் எவருடைய ஒப்புதலுக்கும் காத்திருப்பதில்லை என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

தமக்கு நம்பிக்கையானவரை முன்கூட்டியே நிலையான பாதுகாவலராக நியமிக்க இச்சட்டம் இடம் தருகிறது. தெளிந்த மனத்துடன், வழக்கறிஞர் போன்ற தகுதியுள்ள சாட்சியின் முன் கையொப்பமிட வேண்டும். இதைப் பேசுவது அமங்கலம் எனச் சிலர் கருதுவர். ஆனால் மருத்துவமனை நடைவழியில் உடன்பிறந்தோர் முரண்பட்டு நிற்பதைவிட, வீட்டு முற்றத்தில் தந்தையே தம் விருப்பத்தைச் சொல்லிவைப்பது மங்கலமானது.

வார்டில் இருக்கும்போது

இதய நோயாளரை ஓரிடத்தில் சேர்த்து, இதயத் துடிப்பை இடையறாது கவனித்து, ஆபத்து நேர்ந்தவுடன் காக்கும் தனிப் பிரிவுகள் 1960களில் தோன்றின. அவற்றுள் முதன்மையானவற்றில் ஒன்றை மருத்துவர் டெஸ்மண்ட் ஜூலியன் 1962இல் சிட்னி மருத்துவமனையில் நிறுவினார். கட்டிலருகே ஒளிரும் திரையும் ஓயாத ஒலியும் அந்த மரபின் தொடர்ச்சியே. அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஒவ்வோர் ஒலியும் ஆபத்தின் அறிகுறியன்று. ஐயம் இருந்தால் தாதியரைக் கேட்கலாம்.

ஆனால் பெற்றோரின் முகத்தை நன்கறிந்தவர் பிள்ளைகள். “அம்மா வழக்கம்போல் இல்லை” என்று மகனுக்குத் தோன்றினால், அதைச் சொல்லத் தயங்கலாகாது. முதலில் தாதியிடமும், பின்னர் பொறுப்புத் தாதியிடமும் சொல்ல வேண்டும். அதன் பின்னும் கவலை நீங்காவிடில் “ரீச்” எனப்படும் ஏற்பாட்டின்படி குடும்பத்தாரே அவசர மருத்துவக் குழுவின் உதவியைக் கோரலாம். அதற்கான தொலைபேசி எண் வார்டில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். மருத்துவரை எதிர்த்துப் பேசுவதாக எவரும் இதைக் கருத மாட்டார்.

குடும்பத்தின் சார்பில் பேசுவதற்கு ஒருவரை அமர்த்திக்கொள்வது நன்று. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இங்குமிடையே நாலரை மணி நேர வேறுபாடு உண்டு. கோடையில் அது ஐந்தரை மணியாகும். அங்கு மாலையில் அழைக்கும் உறவினர், இங்கு நள்ளிரவில் உறங்கும் நோயாளியை எழுப்பிவிடுவர். ஒருவர் செய்தியைத் திரட்டி அனைவருக்கும் அனுப்பினால் நோயாளி ஓய்வு பெறுவார். கூட்டமாக வந்து கட்டிலைச் சூழ்ந்து அழுவதைவிட, ஒருவர் பின் ஒருவராக வந்து அமைதியாகச் சிறிது நேரம் இருந்து செல்வதே உதவி.

சித்த, ஆயுர்வேத மருந்துகளும் லேகியங்களும் ஊரிலிருந்து வந்த மாத்திரைகளும் எவையாயினும் மறைக்காமல் மருந்தாளரிடம் காட்ட வேண்டும். சில பொருள்கள் இரத்தத்தின் உறையும் தன்மையை மாற்றக்கூடியவை.

வீடு திரும்பும் நாள்

மாரடைப்பு வந்தவர் வாரக்கணக்கில் படுத்தே கிடக்க வேண்டும் என்பது பழைய மருத்துவம். அமெரிக்க மருத்துவர்களான சாமுவேல் லெவினும் பெர்னார்டு லவுனும் 1952இல் நோயாளரை நாற்காலியில் அமரச் செய்து அந்த வழக்கத்தை மாற்றத் தொடங்கினர். இன்று, மருத்துவர் கூறும் அளவில் விரைவாக எழுந்து நடப்பதே சிகிச்சை. ஆகவே தண்ணீர்க் குவளையைக்கூட எடுக்கவிடாமல் தந்தையைக் கட்டிலோடு வைத்திருக்கும் பிள்ளை அன்பு செய்கிறான். ஆனால் மருந்து செய்யவில்லை. மருத்துவமனையை விட்டுப் புறப்படுமுன் இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கான பரிந்துரையைக் கேட்டுப் பெற வேண்டும். உடற்பயிற்சி, உணவு, மருந்து, மனநிலை ஆகிய யாவும் அங்கு கற்பிக்கப்படும்.

ஸ்டென்ட் பொருத்தியவர், இரத்தம் உறையாதிருக்கத் தரும் மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தலாகாது. ஏகாதசி விரதமானாலும் பல் பிடுங்கச் செல்வதானாலும் முன்கூட்டியே கேட்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் ஆகியவற்றில் உள்ள உப்பு கண்ணுக்குத் தெரியாமல் சேர்வது. தந்தைக்குத் தனிச் சமையல் செய்து அவரை நோயாளியாகப் பிரித்துவைப்பதைவிட, வீடு முழுவதும் உப்பையும் எண்ணெயையும் குறைத்துக்கொள்வது எல்லோருக்கும் நன்மை. மீண்டும் கார் ஓட்டுவது எப்போது என்பதையும் மருத்துவரே சொல்ல வேண்டும்.

உடல் தேறிய பின்னரும் பல மாதங்கள் சோர்வு, எரிச்சல், தூக்கமின்மை, காரணமற்ற அழுகை ஆகியவை வரலாம். அதுவும் நோயின் ஒரு பகுதியே. குடும்ப மருத்துவரிடம் சொல்லத்தக்கது அது, நாணத்தக்கது அன்று.

பராமரிப்பவருக்கும் பராமரிப்பு

முழுநேர ஊழியருக்கு ஆண்டுக்குப் பத்து நாள் ஊதியத்துடன் கூடிய சுகவீன, பராமரிப்பு விடுப்பு உண்டு. தன் பெற்றோருக்காக மட்டுமன்றி, கணவரின் அல்லது மனைவியின் பெற்றோருக்காகவும் அதை எடுக்கலாம். தற்காலிக ஊழியருக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் ஊதியமற்ற விடுப்பு உண்டு. பராமரிப்போருக்கான உதவிக்கு 1800 422 737 என்ற எண்ணையும், முதியோருக்கான வீட்டு உதவிகளுக்கு 1800 200 422 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

பெற்றோர் வருகையாளர் விசாவில் இருந்தால், இந்தியாவுடனும் இலங்கையுடனும் மருத்துவ ஒப்பந்தம் இல்லாமையால் மெடிகேர் உதவாது. விமானம் ஏறுமுன்பே தகுந்த காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். காப்புறுதி இல்லை என்பதற்காக 000ஐ அழைக்கத் தயங்கவும் கூடாது. செலவைப் பற்றிப் பேச மருத்துவமனைச் சமூகப் பணியாளர் இருக்கிறார். இழந்த நேரத்தைத் திருப்பித் தர எவரும் இல்லை.

தந்தை மீண்டும் ஆலயப் படியேறும் நாள் வரும். அன்று அவர் முன்போல் விரைந்து ஏற மாட்டார். இரண்டு படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குவார். பின்னால் வரும் பிள்ளை அவரை அவசரப்படுத்தாமல், தூக்கிச் செல்லவும் முயலாமல், ஒரு படி கீழே நின்று காத்திருந்தால் போதும்.