இசைத்தட்டு உறையில் தமிழ்
(ஊத்துக்குளியில் ஆற்றிய பொழிவு)

பின்னலாடை எத்துணை நன்றாயினும் பெட்டியைப் பார்த்தே வாங்குவோர் உளர் என்பதைத் திருப்பூர் வட்டாரத்தார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டா. இசைத்தட்டிற்கும் அஃதே. தொடக்கத்தில் அது வெறும் பழுப்புத்தாள் உறையில் விற்றது. 1940 அளவில் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனத்தில் அலெக்சு இசுட்டைன்வைசு என்னும் இளைஞர் உறைமேல் ஓவியந் தீட்டினார், விற்பனை பெருகிற்று. பின்வந்த நெடுந்தட்டின் உறையோ ஓரடி அகலம். ஓவியனுக்கு அஃதொரு சுவரே.

தமிழ்த் திரைப்பாடல் தட்டுகளை எடுத்து நோக்குமின்! முகப்பில் படப்பெயரைக் கையால் வளைத்தும் நிமிர்த்தும் தீட்டிய எழுத்தோவியம் கண்ணைக் கவரும். ஈய அச்சில் வாராத வளைவெல்லாம் தூரிகையில் வந்தன. புரட்டினாலோ, பாவலர் பெயர், பாடகர் பெயர், பாட்டின் முதலடி யாவும் பெரும்பாலும் உரோமன் எழுத்திலேயே! கண்ணதாசனையும் ஆங்கிலத்தில்தான் தேடவேண்டும். ழகரமும் றகரமும் அங்கே உருவிழந்து கிடக்கும். 1986-இல் இளையராசா வெளியிட்ட கருவியிசைத் தொகுப்பிற்கும் 'அவ் டு நேம் இட்' என ஆங்கிலப் பெயரே. பெயரிடத் தமிழிலா சொற்பஞ்சம்?

முகப்பெழுத்தை வரைந்த கைகளின் பெயரோ பல உறைகளில் இல்லவே இல்லை. பழந்தட்டு வைத்திருப்போர், அவற்றை எடைக்குப் போடுமுன், உறையோரத்தில் ஓவியர் ஒப்பம் உண்டா எனப் பார்த்துக் குறித்து வைப்பாராக.